மூன்றாவது வாரத்தில் நடந்தது

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. என் நான்காம் வகுப்புக்கு இந்த வருடம் புதிதாக ஐந்து பேர். எல்லாரும் காது கேளாத பிள்ளைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் வீட்டில் பழகிய ஒரு கைப்பாஷையோடு வந்திருக்கிறது. எல்லாரையும் ஒரே சைகை மொழிக்குக் கொண்டுவருவதற்குள் ஆடி முடிந்துவிடும்.

இன்று நான் காட்டிய ஒரு வார்த்தையைப் பிள்ளைகள் வேறு வார்த்தையாகப் புரிந்துகொண்டார்கள். திரும்பக் காட்டினேன். அப்போதும் அப்படியே. புதுப்பிள்ளைகள், பழகிவிடும்.

கழுத்துப் பிடிப்பு விடவில்லை. தலையணையை மாற்ற வேண்டும். மாவு அரைக்கவில்லை.

ஜூன் 14, சனி

இன்னாசிக்கும் எனக்கும் சண்டை.

நூல்மில் இரைச்சலில் மற்றவர்களெல்லாம் தொண்டை கிழியக் கத்துவார்கள். பிறவியிலேயே காது கேளாத என் வீட்டுக்காரர் ஒருவர்தான் அங்கே நிம்மதியாக வேலை பார்ப்பவர். வீட்டுக்கு வந்தால்தான் எதையாவது கவனித்துவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் வலது கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு தன் கையால் சொன்னார்: "கொஞ்ச நாளா நீ பேசுறது எனக்குச் சரியா விளங்கல. உன் கை குழறுது."

குடித்துவிட்டு உளறுபவர்களைச் சொல்வதுபோல இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலைக் களைப்பு என்றேன். மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து நிற்கவில்லை என்று அவற்றைத் தொட்டுக் காட்டினார். கையை உதறிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், காய்ந்த துணியை இன்னொரு கொடிக்கு மாற்றிப்போட்டேன்.

டம்ளர் உடைந்ததும், சட்டைப் பொத்தான் போட நேரமானதும் களைப்பினால்தான்.

ஜூன் 21, சனி

மதுரையில் ஸ்கேன். இன்னாசிதான் பிடிவாதமாகக் கூட்டிப்போனார். அந்தக் குழாய்க்குள் அசையாமல் கிடக்கச் சொன்னார்கள். என்னால் வீட்டிலேயே ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கழுத்துத் தண்டுவடத்துக்கு முன்பக்கம் ஒரு நீர்க்கட்டி. அது தண்டுவடத்தைப் பின்னால் தள்ளி ஒரு பட்டையாக நசுக்கியிருக்கிறது. படத்தைப் பார்த்த பிறகு எனக்கே கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

டாக்டர் நாச்சியப்பன் அதிகம் பேசாதவர்போல இருந்தார். ஆனால் எப்படி வந்தது என்று நான் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது இப்ப வந்தது இல்லைம்மா. நீங்க பிறக்கறதுக்கு முன்னாடியே வந்தது. முப்பத்தாறு வருஷமா உள்ளதான் இருக்கு. பயாப்ஸி பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும், ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல."

அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். கரு உண்டான மூன்றாவது வாரத்தில் அது ஒரு தட்டையான இலை மாதிரி இருக்குமாம், மூன்று அடுக்காக. மேலடுக்கு தோலும் நரம்புமாக ஆகும். கீழடுக்கு குடலும் மூச்சுக்குழலுமாக ஆகும். நடுவே ஒரு மெல்லிய தண்டு ஓடும், அதன் வழியில்தான் பிறகு முதுகெலும்பு உண்டாகும். அந்தத் தண்டு கொஞ்ச காலம் கீழடுக்கோடு ஒட்டியிருந்துவிட்டுப் பிரிய வேண்டும். எனக்கு ஒரே ஒரு இடத்தில் சரியாகப் பிரியவில்லை. குடலாகியிருக்க வேண்டிய ஒரு துணுக்கு, கழுத்தில் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. தான் இருப்பது குடல் இல்லை என்று அதற்குத் தெரியாது. தன் பாட்டுக்குச் சளிபோல எதையோ சுரந்து, அந்த நீர் போக வழியில்லாமல் கட்டியாகியிருக்கிறது. மிகவும் அபூர்வம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

பஸ்ஸில் இதையெல்லாம் இன்னாசிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கருவின் மூன்று அடுக்குக்கு எங்களிடம் சைகை இல்லை. இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் கைக்குட்டையை மடித்து வைத்து, நடுவில் அவருடைய பேனாவைச் செருகிக் காட்டினேன். எதிர் சீட்டுக்காரர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தார். இன்னாசி கேட்டார்: "உன் கழுத்துல ஒரு துளி வயிறு இருக்கா? அதுக்கும் பசிக்குமா?"

சிரித்தேன். வாடிப்பட்டி தாண்டும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மூன்றாவது வாரம். எங்களுக்கு உண்டான இரண்டும் மூன்றாவது மாதத்தைத் தாண்டவில்லை. அவற்றில் எங்கே எது பிரியாமல் போயிற்றோ.

ஜூன் 28, சனி

நிலக்கோட்டையில் அண்ணன் வீட்டிலிருந்து அம்மா வந்துவிட்டாள். பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு இனி இங்கேதானாம். போனில் 'கழுத்தில் கட்டி' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். பிறவியிலேயே இருந்ததாம் என்று இன்று சொன்னேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "பொறக்கும்போதேவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சாயங்காலம் தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு விளக்கு வைத்த பிறகுதான் வந்தாள்.

அம்மா இருந்தால் எனக்கு இரட்டை வேலை. காது கேளாதவரைக் கட்டிக்கொண்டதை அவள் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு வருடமாக மருமகனிடம் சொல்ல வேண்டியதை என் முகத்தைப் பார்த்தே சொல்கிறாள். அவர் எதிரிலேயே இருப்பார். "பாவம், நல்ல மனுசந்தான், என்ன செய்ய" என்பதுபோல அவள் தனக்குள் முணுமுணுப்பதை மட்டும் நான் அவருக்குச் சொல்வதில்லை.

ஜூலை 2, புதன்

அறைச் சாமான்களை எல்லாம் இடம் மாற்றினேன். பீரோ ஜன்னல் பக்கம் நன்றாக இல்லை. திரும்பவும் பழைய இடத்துக்கே நகர்த்தச் சொன்னேன். இன்னாசி நகர்த்தினார்.

ஜூலை 5, சனி

டாக்டர் கேட்டதற்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும். கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து, எலும்பைக் குடைந்து உள்ளே போகப்போகிறார். கட்டியின் சுவர் ஓரிடத்தில் தண்டுவடத்தோடு ஒட்டியிருக்கிறது. அதையும் உரித்து எடுத்தால் திரும்ப வராது, ஆனால் கையோ காலோ போகலாம். ஒட்டியிருப்பதை விட்டுவிட்டால் கை பிழைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் என்றாவது திரும்ப வளரலாம். உள்ளே போனால் அவரே முடிவெடுப்பார், இருந்தாலும் என் மனது தெரிய வேண்டுமாம். குரலும் சில வாரத்துக்குக் கம்மலாம், குரல் நரம்பு அந்த வழியில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன். அது உள்ளே இருக்கிறதென்று தெரிந்த பிறகு என்னால் தூங்க முடியவில்லை, உட்கார முடியவில்லை.

இன்னாசி வேண்டாம் என்றார். "திரும்ப வந்தா பாத்துக்கலாம். கை போனா?"

"என் கை உங்களுக்கு வேணும். அதுக்காகச் சொல்றீங்க" என்றேன், வாயாலும் கையாலும். சொல்லியிருக்கக் கூடாது.

அவர் பார்வையைத் திருப்பவில்லை. "ஆமா, வேணும். நீ ஒருத்திதான் என்கிட்ட முழுசாப் பேசுற" என்று காட்டினார்.

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். என்ன சண்டை என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 7, திங்கள்

ஒட்டியிருப்பதை விட்டுவிடுங்கள் என்று டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். இன்னாசியிடம் சாப்பிடும்போது சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார், ஆனால் இன்னும் இரண்டு தோசை கேட்டார்.

பள்ளியில் விடுப்பு எழுதிக்கொடுத்தேன். பிள்ளைகளிடம் விடைபெறும்போது கைகளைப் புடவைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். முடிந்துவிட்டது. இருக்கிறேன். கால் நடக்கிறது. வலது விரல்கள் மரத்தமாதிரி. கழுத்தில் பட்டை. குரல் இல்லை, காற்றுதான் வருகிறது.

ஜூலை 26, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. குரலும் இல்லை, கையும் இல்லை. அம்மாவுக்கும் இன்னாசிக்கும் நடுவில் நான் இல்லாமலே வீடு நடக்கிறது. மருந்துச் சீட்டை அம்மா அவர் முன்னால் நீட்டுகிறாள், அவர் வாங்கி வருகிறார். கஞ்சிக்கு உப்பு போதுமா என்பதை அம்மா நாக்கைச் சப்புக்கொட்டிக் கேட்கிறாள். பார்க்கச் சிரிப்பு வருகிறது. சிரித்தால் தொண்டை வலிக்கிறது.

அம்மா மெலிந்திருக்கிறாள். பகலில் அவள் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. ஏதோ நேர்ச்சை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா பூசைக்குப் போயிருந்தாள். ஆபரேஷன் நடந்தபோது அத்தனை நேரம் இருவரும் வெளியே என்ன செய்தீர்கள் என்று இன்னாசியிடம் சும்மாதான் கேட்டேன். என் குரல் அவருக்குத் தேவையில்லை, உதடு போதும். அவர் ஜன்னல் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். எதையோ மறைக்கிறார் என்று தெரிந்துவிட்டது. விடவில்லை.

அம்மா அங்கே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினாளாம். அவரைப் பார்த்தே பேசினாளாம், முதல் முறையாக. அவருக்குக் கேட்காது என்ற தைரியம். அவரும் தலையாட்டாமல் இருந்துவிட்டார். ஆனால் உதட்டில் பாதிக்குமேல் படித்துவிட்டார்.

அம்மா சொன்னது இதுதான்: அண்ணன் அப்போது கைக்குழந்தை. அப்பாவுக்கு வேலை போயிருந்தது. அந்த நேரத்தில் நான் வயிற்றில் வந்துவிட்டேன். மூன்றாம் மாதம் தெரிந்ததும் எள்ளும் கருப்பட்டியும் தின்றாள். கலையவில்லை. யாரோ கொடுத்த கஷாயத்தைக் குடித்தாள். இரண்டு நாள் வயிற்றுவலியில் கிடந்தாளே தவிர நான் போகவில்லை. பிறகு விட்டுவிட்டாள். "அந்த மருந்துதான் எம்புள்ள கழுத்துல போயி தங்கிருச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அந்த வாக்கியம் மட்டும் அவருக்கு நன்றாக விளங்கிவிட்டது, அத்தனை முறை சொன்னதால்.

"அத்தை என்ன பேசுனாலும் எனக்குப் பாதி புரியும். ஏழு வருஷமாப் புரியும்" என்றார். அவர் எதிரில் அம்மா என்னென்ன முணுமுணுத்திருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அவங்க பேசறத நிறுத்திருவாங்க" என்றார்.

எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் வறுமையில் பலரும் செய்ததுதான். இடது கையாலேயே எல்லாத் துணியையும் மடித்து வைத்தேன். மடித்தது சரியில்லை என்று கலைத்துத் திரும்ப மடித்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அம்மா வைத்த ரசத்தைக் குடிக்கவில்லை. காரம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பசி இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மா என் தலையைத் துடைத்துவிட வந்தாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று துண்டை வாங்கிக்கொண்டேன். ஒரு கையால் முடியவில்லை, தலை ஈரமாகவே கிடந்தது.

நான் இரண்டை இழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு முறையும், அம்மா என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தாள். ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை. அப்போது அது எனக்கு வருத்தமாக இருந்தது. என்ன நினைத்துக்கொண்டு அங்கே படுத்திருந்தாளோ.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்னாசி சமையலறைக்குள் கூட்டிப்போய் அம்மாவின் தட்டைக் காட்டினார். கவிழ்த்து வைத்தது அப்படியே இருந்தது. "ராத்திரி ஒரு வாய் கஞ்சி. ஆபரேஷன் நாள்ல இருந்து இப்படித்தான். நீ கோபமா இரு. ஆனா அவங்க தப்பா நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நீ எனக்குக் கைக்குட்டையை வச்சுக் காட்டினியே. அது அவங்களுக்குத் தெரியாது."

கோபம் இல்லை என்றேன். அவர் வாதாடவில்லை.

எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லாமல் இதை எப்படி அம்மாவுக்குச் சொல்வது? நான் எடுத்துச் சொன்னால், மகள் ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பாள். இதை இப்போது எதற்காகச் சொல்கிறாய் என்று அவள் கேட்டாலும் கேட்பாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதுரையில் மறுபரிசோதனை. அம்மாவையும் வரச் சொன்னேன். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் முதலில் உள்ளே போனேன். பயாப்ஸி வந்துவிட்டது, நினைத்தது சரிதான் என்றார் டாக்டர். கட்டியின் உள்சுவர் குடலின் உள்சுவர் மாதிரியேதான் இருக்கிறதாம். கிட்டே போய், இது எந்த வாரத்தில் நடந்தது என்பதை என் அம்மா முன்னால் ஒருதரம் சொல்லுங்கள், நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம் என்று அந்தக் காற்றுக்குரலில் கேட்டுக்கொண்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. மணியடித்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னார்.

அம்மா உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னார், இன்னும் நிதானமாக. இலை, மூன்று அடுக்கு, நடுவில் தண்டு, பிரியாமல் போன இடம். சாப்பாட்டாலோ மருந்தாலோ அதிர்ச்சியாலோ வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். ஏன் சிலருக்கு மட்டும் இப்படி ஆகிறது என்று யாருக்கும் தெரியாதாம்.

அம்மா கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மூணாவது மாசம்னு சொல்லுறீகளா, டாக்டர்?"

"மாசம் இல்லம்மா, வாரம். மூணாவது வாரம்."

"அப்ப... நாள் தள்ளிப்போறதுக்கு முந்தியா?"

"அந்தச் சமயம்தான்மா, தள்ளிப்போய் நாலஞ்சு நாள்கூட ஆகியிருக்காது. உள்ள ஒரு உயிர் இருக்குன்னே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்கப்புறம் நீங்க என்ன செஞ்சிருந்தாலும் இந்தக் கட்டி வந்திருக்கும். எதுவும் செய்யாம இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

அம்மா தலையாட்டினாள். எதையோ மனதுக்குள் கூட்டிப் பார்ப்பதுபோல விரலை மடக்கி நிமிர்த்தினாள். பிறகு டாக்டரைக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். நான் போனபோது குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இரண்டு பரோட்டா சாப்பிட்டாள். மூன்றாவதை இன்னாசி தன் இலையிலிருந்து எடுத்து வைத்தார். அதையும் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குரல் கரகரவென்று வர ஆரம்பித்திருக்கிறது. சுண்டு விரல் அசைகிறது. இன்னாசி ஒருமணி நேரம் என்னைக் கையால் பேசவைத்தார். மூன்று வயதுப் பிள்ளை மாதிரி பேசுகிறேன் என்றார். அந்தக் கட்டியின் ஒரு துணுக்கு இன்னும் உள்ளே இருக்கிறது. வருடாவருடம் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அம்மா நாளை ஊருக்குக் கிளம்புகிறாள். விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று முருங்கைக்கீரையை என் முன்னால் போட்டாள். இருவரும் ஆய்ந்துகொண்டிருந்தோம். இன்னாசி வேலைக்குப் போயிருந்தார்.

"செசி, ஒனக்கு ஒண்ணு சொல்லணும். மாப்பிள்ளகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். அவுகளுக்குக் கேட்டுச்சோ கேக்கலையோ" என்று ஆரம்பித்தாள்.

வேண்டாம் என்று தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அண்ணன் கைக்குழந்தை, அப்பாவுக்கு வேலை போனது, எள்ளு, கஷாயம் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் முறை கேட்பதுபோலக் கேட்டேன். அது நடிப்பும் இல்லை. அவள் வாயால் கேட்பது முதல் முறைதான்.

"அதுனால இந்தக் கட்டி வரலன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா நான் செஞ்சது செஞ்சதுதான. நீ வேணாம்னு நெனச்சேன், செசி."

எனக்குக் கை நின்றுவிட்டது. இத்தனை நாளாக எனக்கு ஒன்றும் இல்லை என்று இதே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி இருந்திருக்கிறது, வாய் வரைக்கும் வந்து நின்றிருக்கிறது.

"பெறகு எப்பம்மா வேணும்னு ஆச்சு?" என்று கேட்டேன்.

பொறந்த உடனே என்று சொல்வாள் என நினைத்தேன். அம்மா கையிலிருந்த இணுக்கு முழுவதையும் உருவி முடித்தாள். காம்பை ஓரமாகப் போட்டாள்.

"பொறந்தப்ப இல்ல" என்றாள். "ஒனக்கு ஆறு மாசம் இருக்கும். அண்ணனுக்கு அம்மை போட்டு, அவனத் தோள்ல போட்டுக்கிட்டே கெடந்தேன். ஒன்னயப் பாயில போட்டது போட்டபடி. ஒருநாள் திரும்பிப் பாத்தா பாயில ஆளக் காணோம். வீடெல்லாம் தேடுறேன். வாசலுக்கு ஓடுறேன். ஒரு சத்தம் இல்ல. கடைசியில பாத்தா கட்டிலுக்கு அடியில உருண்டு போயி, ஒங் கைய நீயே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டுக் கெடக்குற. எம்பாட்டுக்குத் தரையில உக்காந்து அழுதேன். அந்த மருந்து குடிச்சப்பகூட நான் அழுகல. அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு எனக்கு."

அவள் யோசிக்காமல் பதில் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"சரிம்மா" என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. அம்மா அதற்கு ஆபரேஷனைக் காரணமாக எடுத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. இன்னொரு இணுக்கை எடுத்து என் வலது கைக்குள் வைத்து, விரல்களை அவளே மூடிவிட்டாள். நான் மெதுவாக உருவினேன். பாதி இலை வந்தது.